வெண்டலின் சோஹரின் பனிக்காலச் சக்கரங்கள்

வெண்டலின் சோஹருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது அவரிடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, ஒரு மனைவி, ஒரு மகள், நானூற்றைம்பது குதிரைசக்தி கொண்ட ஒரு கார் இருந்தன. யாராவது கேட்டால் இந்த வரிசையை அவர் கடைசியிலிருந்து சொல்லியிருப்பார்.

அவருடைய அப்பா நான்கு மாடு வைத்திருந்தார். தெற்கு ஜெர்மனியின் ஆல்காய் மலைப்பக்கத்தில், எங்கள் ஹிண்டர்மோஸ் ஊரில், நான்கு மாடு என்பது வெளியே சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை அல்ல. பள்ளியில் ஒரு பெண், வெண்டலின் பக்கத்தில் உட்கார்ந்தால் புளித்த புல்லின் வாடை அடிக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லி இடம் மாறிக்கொண்டாள். அதன் பிறகு அவர்மேல் வாசனைத் தைலத்தைத் தவிர வேறு எதுவும் வீசியதில்லை. வாலிப வயதில் நகரத்துக்குப் போய்க் கண்ணாடித் தொழில் கற்றார். திரும்பி வந்து கடைவீதியில் கடை போட்டார். அப்பா செத்த வருடம் மாடுகளை விற்றார். மறு வருடம் கொட்டகையை இடித்தார்.

கடை நன்றாக நடந்தது. பால் கறக்கும் பெண்களிடம், "இந்த ஃபிரேம் உங்க கன்னத்தை எடுத்துக் குடுக்குது" என்பார். அவர்கள் வெட்கப்பட்டு வாங்கிப் போய், மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டே சாணம் அள்ளினார்கள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அது போதும் அவர்களுக்கு. வெண்டலினுக்குத் தான் பார்ப்பது முக்கியமில்லை. தன்னைப் பார்க்கிறார்களா என்பதே கவலை.

கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்த ஓர் அறை கட்டினார். தரைக்குப் பளபளப்பான ஓடு. வீட்டுக் குளியலறையில் மூன்று ஓடு பெயர்ந்து கிடந்தது. அவர் மனைவி ஆஃப்ரா அதைப் பற்றி ஒரு தடவை கேட்டாள். "விருந்தாளி யாரும் அங்க போறதில்லையே" என்றார். விருந்தாளிகள் கார் அறைக்குள் அழைத்துப் போகப்பட்டார்கள். அங்கே ஒரு நாற்காலியும் இருந்தது.

கார் வந்தது அந்த வருட வசந்தத்தில். சாம்பல் நிறம். பின்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. ஊரே கேட்க வேண்டும் என்று தெருமுனையில் தேவையில்லாமல் ஒரு தடவை உறுமவைப்பார். கோழிகள் ஓடின, மனிதர்கள் திரும்பினார்கள். இரண்டையும் அவர் ஒரே கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மகள் ரோஸ்வித்தா நகரத்து ஆஸ்பத்திரியில் தாதி. அவள் பள்ளி நாடகத்தில் நடித்தபோது கடையை மூட முடியாது என்று அவர் போகவில்லை. தாதிப் படிப்பு முடித்து அவளுக்குப் பட்டயம் கொடுத்த அன்று, கார் விற்பனைக் கண்காட்சி ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் கடையை மூட முடிந்தது.

அவள் கட்டிக்கொள்ளப்போகிறவன் ஃபாலென்டின். கோடை முழுதும் மலைமேய்ச்சலில் மாடுகளோடு இருந்து பாலாடைக்கட்டி காய்ச்சுகிறவன். அப்படிப்பட்டவர்களுக்கு மே மாதத்திலிருந்து இலையுதிர்காலம் வரை கல்யாணம் பண்ண நேரம் கிடையாது. பனிக்காலத்தில்தான் மாடுகளும் மனிதர்களும் கீழே இருப்பார்கள். அதனால் ஜனவரியில், மலைமேல் அவன் குடும்பம் இருக்கிற வில்டெக் ஊரின் சிறிய தேவாலயத்தில் என்று முடிவானது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், சமையலறை மேஜையில் ரோஸ்வித்தா கேட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"எவ்வளவு?"

"பணம் இல்லப்பா. கோயிலுக்குள்ள நீ என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

எங்கள் பக்கத்தில் அப்படி வழக்கமில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பாதிரியார் பின்னால் ஒன்றாக நுழைவார்கள். அப்பா கையைப் பிடித்து அழைத்துவருவது சினிமா பார்த்து வந்தது. வெண்டலினுக்கே ஆச்சரியம்.

"ஃபாலென்டினோட நடக்க வேண்டியதுதானே?"

"அவனோட ஆயுசுக்கும் நடக்கப்போறேன். உன்னோட ஒரு தடவை நடந்து பாக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

ஆஃப்ரா பாத்திரத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். வெண்டலினுக்குக் கண் கலங்கியது என்று ஆஃப்ரா பிறகு சொன்னாள். நாங்கள் நம்புகிறோம். அவருக்குக் கண் சுலபமாகக் கலங்கும்.

"அதுக்கென்னம்மா. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். கோயில் வாசல்ல நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, அப்படியே கையைப் பிடிச்சு..."

"கார் முக்கியமில்லப்பா."

"உனக்கு இல்ல."

"சரி, காரே வரட்டும். ஆனா வில்டெக் ரோடு, ஜனவரி. பனியில வழுக்காம இருக்க டயர் மேல மாட்டுற சங்கிலி ஏறுற மாதிரி சக்கரமா வாங்கு. இந்த மாதிரி வண்டிக்குச் சின்ன சக்கரத்துலதான் சங்கிலி போட முடியும்னு ஃபாலென்டின் சொன்னான்."

"பால் காய்ச்சுறவன் எனக்குக் கார் சொல்லித் தர்றானா?"

"நான் கேக்கறது இது ஒண்ணுதான்ப்பா."

"சரி, சரி" என்றார் வெண்டலின். அந்த இரண்டு சரிகளையும் அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் எங்கள் ஊரில் ஒரு சனிக்கிழமை வரும். யாரும் தேதி குறிப்பதில்லை. காலையில் புல்மேல் வெள்ளை பூத்திருந்தால் அன்றுதான். எல்லா வாசலிலும் ஜாக்கி ஏறும். கோடைச் சக்கரங்கள் கழன்று, சாக்பீஸால் முன் இடது, பின் வலது என்று எழுதப்பட்டு நிலவறைக்குப் போகும். பனிக்காலச் சக்கரங்கள் மேலே வரும். அவை அசிங்கமாக இருக்கும். இருக்க வேண்டும் என்பதே இங்கே எண்ணம். கறுப்பு இரும்பு, ஒல்லி டயர், ஓரத்தில், பனி உருகப் போன வருடம் சாலையில் கொட்டிய உப்பின் வெண்மை. ஆண்கள் கையில் பீர் பாட்டிலோடு வீடு வீடாகப் போய், அடுத்தவன் டயரின் பட்டன்களுக்கிடையே ஒரு யூரோ நாணயத்தைச் செருகிப் பார்ப்பார்கள். நாணயத்தின் பொன்னிற விளிம்பு வெளியே தெரிந்தால், டயர் தேய்ந்துவிட்டது என்று தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பயந்தே பலர் புது டயர் வாங்கினார்கள். உயிர்ப்பயம் அதற்கு அடுத்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே வெண்டலின் செட்லரின் கடைக்குப் போனார். செட்லர் டயர் வியாபாரி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். செட்லர் சோம்பேறி. ஒரு விஷயத்தை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்வான். இரண்டாம் தடவை சொல்லமாட்டான்.

கடைச் சுவரில் சக்கரங்கள் வரிசையாகத் தொங்கின. செட்லர் தரையில் கிடந்த சாம்பல் நிறச் சக்கரம் ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினான்.

"இதான் உன் வண்டிக்கு. பதினெட்டு அங்குலம். இதுக்குக் கீழ போனா உன் பிரேக்கு மேல இடிக்கும். டயர் ஒல்லி, பக்கச்சுவர் உயரம். பள்ளத்துல விழுந்தாலும் ரிம் நெளியாது. சங்கிலியும் ஏறும்."

வெண்டலின் அதை ஒரு பல்லி விழுந்த சூப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதை மாட்டினா மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கும்?"

"கையை விடலாம்."

"கையையா? பூனை குட்டி போடலாம்டா. பெரிய மனுஷனுக்குச் சின்னப் பையன் செருப்பு போட்ட மாதிரி இருக்கும்."

"பனியில எல்லாருமே சின்னப் பையன்தாண்டா."

"அது என்ன?" வெண்டலினின் விரல் மேலே போயிருந்தது. கறுப்புக் கண்ணாடிபோல மின்னும் ஒன்று. பத்து ஒல்லிக் கம்பிகள், நடுவில் குழிவு.

"அது இருபது அங்குலம். டயர் பட்டையா இருக்கும், பக்கச்சுவர் பேருக்குத்தான். பனிக்கால டயர்தான், முத்திரை இருக்கு, சட்டப்படி சரி. காய்ஞ்ச ரோட்டுல பறக்கும். சேறும் பனியும் கலந்து கிடந்தா மேல மிதக்கும். உப்பு பட்டா அந்தப் பளபளப்பு போயிடும். சங்கிலி ஏறாது. பின்சக்கரத்துக்கும் உள்ளே இருக்கிற தாங்கிக்கும் நடுவுல ஒரு விரல் போகாது."

"சங்கிலியே ஏறாதா?"

"இப்பத்தானே சொன்னேன்."

வெண்டலின் இருபது அங்குலத்தின் கீழே போய் நின்றார். அதில் அவர் முகம் தெரிந்தது. பத்துத் துண்டாகத் தெரிந்தது, ஆனாலும் தெரிந்தது.

"வில்டெக் ரோட்டுல போன அஞ்சு வருஷத்துல எத்தனை தடவை சங்கிலி கட்டாயம்னு பலகை மாட்டினாங்க?"

"நான் என்ன, பலகையா? எனக்கு எப்படித் தெரியும்?"

"ரொம்ப இல்ல. பனி தள்ளுற வண்டி இப்பல்லாம் உடனே வந்துடுது."

"அப்ப எதுக்குடா என்கிட்ட வந்தே? வானிலைக்காரன்கிட்டயே வாங்கிக்க வேண்டியதுதானே."

"உன் கல்யாண போட்டோவுல என்னடா கார் இருந்தது?"

"டிராக்டர்."

"பாத்தியா" என்றார் வெண்டலின்.

செட்லர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். இருபது அங்குலத்தில் அவனுக்கு லாபம் அதிகம். கல்யாணப் பெண் அவன் மகளும் அல்ல.

வெண்டலினின் மனத்தில் இருந்தது ஒரு படம். வெள்ளைத் தேவாலயம், வெள்ளைப் பனி, வெள்ளை உடையில் மகள் காரிலிருந்து இறங்குகிறாள், சாம்பல் நிறக் கார், அதன் கீழே கறுப்பாக மின்னும் நான்கு சக்கரங்கள், அவளுடைய கையைப் பிடித்தபடி அவர். இந்தப் படத்தைக் கடையின் பெரிய ஜன்னலில் வைக்க அளவுகூட எடுத்துவிட்டார். மகள்மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. படத்தின் நடுவில் அவளைத்தான் நிறுத்தியிருந்தார்.

பளபளப்பு கலையாமல் இருக்க, சக்கரங்களை நவம்பரில்தான் மாட்டினார். நாங்கள் போய்ப் பார்த்தோம். யாரும் நாணயத்தை எடுக்கவில்லை. "அழகா இருக்கு" என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு பசுவைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னால் பால் குறைவு என்று அர்த்தம். இடிந்த கொட்டகையோடு அதையும் அவர் மறந்திருந்தார்.

ஆஃப்ரா கதவருகே நின்று பார்த்தாள்.

"இதுல சங்கிலி ஏறுமா?"

"ஏறும்."

"பெரிசா இருக்கே?"

"உனக்குக் கார் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

கார் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விட்டதில்லை. ஏழு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அவளுக்கு ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அதில் அவள் இருபது பனிக்காலம் ஓட்டியிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ரோஸ்வித்தா வந்தாள். நேராகக் கார் அறைக்குப் போனாள்.

"சங்கிலி எங்கப்பா?"

வெண்டலின் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஆரஞ்சு நிறப் பை ஒன்று இருந்தது. ஜிப் மூடியிருந்தது. அவள் சிரித்தாள், அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

இந்தப் பைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் எல்லா வண்டியிலும் அப்படி ஒரு பை உண்டு. புது வண்டி வாங்கியவனுக்கு மாமா பரிசாகக் கொடுப்பார். வண்டியை விற்றால் பை அடுத்த வண்டிக்கு மாறும். அதைத் திறந்து பார்ப்பவர் அபூர்வம். திறந்தால் திரும்ப மடித்து வைக்க முடியாது என்பது ஒரு காரணம். பை இருந்தால் சங்கிலி இருக்கிறது, சங்கிலி இருந்தால் அது பொருந்தும், பொருந்தினால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எல்லோரும் நம்புகிறோம். பிரார்த்தனைப் புத்தகத்தையும் இப்படித்தான் வைத்திருக்கிறோம். வெண்டலின் அந்தப் பையை ஆஃப்ராவின் சின்னக் காரிலிருந்து எடுத்து வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு நாளும் பனி கொட்டியது. அன்று காலை கொட்டுவது நின்று, வானம் தெளிந்து, குளிர் இறுகியது. விருந்தாளிகள் எல்லோரும் சங்கிலி போட்ட பேருந்து ஒன்றில் முன்னமே மேலே போய்விட்டார்கள். பத்து மணிக்குப் பூசை. பாதிரியாருக்கு மூன்று ஊர். மதியம் கீழே ஓர் அடக்கம் வேறு இருந்தது. தாமதமானால் காத்திருக்க முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்.

ஆஃப்ரா வாசலில் நின்று மலையைப் பார்த்தாள்.

"என் வண்டியிலயே போயிடலாம், வெண்டலின்."

"கல்யாணப் பொண்ணை ரொட்டி டப்பாவுல ஏத்தச் சொல்றியா?"

"ரொட்டி டப்பா மேல போகும்."

"ம்மா, விடு" என்றாள் ரோஸ்வித்தா. "அப்பா எல்லாம் வச்சிருக்கார்."

அவள் முன்னால் உட்கார்ந்தாள். உடை கியர் வரை பரவியது. ஆஃப்ரா பின்னால் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு மடங்கினாள். வெண்டலின் மகளின் முகத்திரையைச் சரிசெய்தார். அதில் அவருக்கு நல்ல கை. "உன் முகத்துக்கு இது பொருத்தம்மா" என்றார். அதை அவர் கடையில் சொல்வதுபோலச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

மலையடிவாரத்தில் ஆட்லர் விடுதியைத் தாண்டியதும் சாலையோரத்தில் பலகை தொங்கியது. நீல வட்டம், நடுவில் சங்கிலி சுற்றிய டயர். பக்கத்தில் வண்டிகள் சங்கிலி மாட்ட ஒதுங்கும் இடம். அங்கே பால் டாங்கர் லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் ஆல்பான் பனியில் முட்டிபோட்டுச் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தான். வில்டெக்கில் பால் எடுக்கப் போகிறவன்.

வெண்டலின் நிறுத்தவில்லை.

"அப்பா, பலகை."

"அது லாரிக்கு."

முதல் கொண்டை ஊசி வளைவு வரை கார் ஏறியது. வளைவில் பின்பக்கம் மெதுவாக, அவசரமே இல்லாமல், பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. வெண்டலின் இன்னும் அழுத்தினார். நானூற்றைம்பது குதிரையும் நின்ற இடத்திலேயே ஓடின. பட்டையான டயர்கள் பனியைத் தேய்த்துக் கண்ணாடியாக்கின. கார் நின்றது. பிறகு பின்னால் வரத் தொடங்கியது.

"வெண்டலின்!"

"கத்தாத!"

"கத்தாம? பின்னால உக்காந்திருக்கிறது நான். முதல்ல விழறதும் நான்தான்!"

பாதிச் சறுக்கலும் பாதி ஓட்டலுமாக, பின்பக்கமாகவே கீழே வந்து, ஒதுங்கும் இடத்தில் நின்றார்கள். ஆல்பான் எழுந்து கையுறையைக் கழற்றினான். லாரியில் சாய்ந்துகொண்டான். அவனுக்கு அன்று இதைவிட நல்ல காட்சி கிடைக்கப்போவதில்லை.

"பரவாயில்லப்பா. சங்கிலியைப் போடு" என்றாள் ரோஸ்வித்தா.

வெண்டலின் இறங்கினார். டிக்கியைத் திறந்தார். பையைத் திறந்தார். சங்கிலியைப் பின்சக்கரத்தின்மேல் போட்டார். சக்கரத்தின் மேல்பாதியை மூடி, கீழே வராமல் நின்றது. அதை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"என்ன வெண்டலின், மாலை கழுத்துக்குப் பத்தலையா?" என்றான் ஆல்பான்.

ஆஃப்ரா பின்னாலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்டாள். சங்கிலியை எடுத்துப் பார்த்தாள்.

"இது என் வண்டியோடது."

"அவசரத்துல மாறிப்போச்சு."

"உன்னோடது எங்க?"

வெண்டலின் சங்கிலியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆல்பான் குனிந்து சக்கரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் போகவில்லை.

"இவரோடதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. இந்தச் சக்கரத்துக்குச் சங்கிலியே இல்ல."

ரோஸ்வித்தா கார்க் கண்ணாடியை இறக்கினாள். இதையெல்லாம் கேட்டிருந்தாள். முகத்திரைக்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று ஆல்பானால் பிறகு சொல்ல முடியவில்லை. "அப்பா" என்று மட்டும் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. சங்கிலியைத் திரும்ப மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய் என் வண்டியை எடுத்துட்டு வர்றதுக்குள்ள பூசை முடிஞ்சிடும்" என்றாள் ஆஃப்ரா. "ஆல்பான், உங்க வண்டியில இடம் இருக்கா?"

"என்னைத் தவிர ரெண்டு பேர். அந்த உடுப்போட ரெண்டே கால். சீக்கிரம் சொல்லுங்க. மேல மாடுங்களைக் கறந்து முடிச்சிருப்பாங்க."

ஆஃப்ரா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"நீ போ, வெண்டலின். அவ உன்னைத்தான் கேட்டா. சாவியைக் குடு. வண்டியை ஆட்லர் வாசல்ல விட்டுட்டு நான் அப்புறமா எப்படியாவது வர்றேன்."

"நீயா?"

"நான்தான்."

"இதையா?"

"முந்நூறு மீட்டர் இருக்கும். கீழ்நோக்கி."

"ஆஃப்ரா, இது பின்சக்கரம் இழுக்குற வண்டி. உனக்குப் பழக்கமில்ல. விடுதி வாசல்ல கருங்கல் விளிம்பு இருக்கு. பக்கச்சுவர் இவ்வளவுதான். ஒரு தடவை உரசினா ரிம் போச்சு."

"அப்ப இங்கயே பூட்டிட்டுப் போ."

"இங்கயா? பனி தள்ளுற வண்டி இப்ப வரும். உப்பும் சரளையும் மொத்தமா இது மேலதான் கொட்டும்."

ஆல்பான் கதவைத் திறந்து என்ஜினைக் கிளப்பினான். ரோஸ்வித்தா தானே இறங்கினாள். உடையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, வெள்ளைக் காலணியோடு பனியில் நடந்து லாரிக்குப் போனாள். படியில் கால் வைத்து, ஏறாமல் நின்றாள்.

"அப்பா, வர்றியா?"

வெண்டலின் கையில் சாவி இருந்தது. ஆஃப்ராவின் கை நீட்டியபடி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மேலே வளைவுக்கு அப்பால் எங்கிருந்தோ பனி தள்ளும் வண்டியின் இரைச்சல் கேட்டது. வெண்டலின் அந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இதை ஒரு இடத்துல விட்டுட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

எதில் வருவார் என்று யாரும் கேட்கவில்லை. மேலே போக வேறு வண்டி கிடையாது என்பது அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும். ஆஃப்ரா கையை இழுத்துக்கொண்டு, மகளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றி, தானும் ஏறினாள். லாரி சங்கிலி கரகரக்க வளைவில் ஏறி மறைந்தது. ஆல்பான் வழியெல்லாம் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும்.

தேவாலய வாசலில் நாங்கள் நின்றிருந்தோம். உறுமலை எதிர்பார்த்தோம். பால் லாரி வந்தது. உடையின் ஓரத்தில் கிரீஸ் பட்டிருந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் சாலையையே பார்த்தோம். பாதிரியார் மணிக்கட்டைப் பார்த்தார். ஃபாலென்டின் உள்ளேயிருந்து வெளியே வரப் பார்த்தான். அவனுடைய அம்மா தடுத்தாள்.

"ஃபாலென்டினோட உள்ள போறியா?" என்று ஆஃப்ரா மகளைக் கேட்டாள். "நம்ம வழக்கம்தானே."

"இல்லம்மா. நீ வா."

இருவரும் நடந்தார்கள். ஆஃப்ராவின் மேலங்கி பின்பக்கம் கசங்கி, காருக்குள் மடங்கி உட்கார்ந்த வடிவத்திலேயே இருந்தது. நடுவழியில் ஆர்கன்காரர் ஒரு வரியைத் தவறாக வாசித்தார். யாரும் திரும்பவில்லை.

கீழே வெண்டலின் காரை ஆட்லர் விடுதியின் வாசலில், கருங்கல் விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளி, நிறுத்தினார். நான்கு முயற்சியில் நிறுத்தினார் என்று விடுதிக்காரி சொன்னாள். பிறகு சமையலறைக் கதவைத் தட்டி ஒரு வாளி வெந்நீரும் பழைய துணியும் கேட்டார்.

"எதுக்கு?"

"உப்பு. உடனே துடைக்கலன்னா உள்ள இறங்கிடும்."

"இன்னிக்கு உங்க பொண்ணுக்குக் கல்யாணம் இல்ல?"

"ஆமா. இப்பப் போகணும்" என்றார்.

கல்யாணக் கறுப்பு உடையில், முட்டிக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, சக்கரம் சக்கரமாகத் துடைத்தார். கம்பிக்குக் கம்பி துணியை விட்டு எடுத்தார். மேலே வில்டெக்கில் வேட்டு வெடித்தது. பெண்ணும் பிள்ளையும் சம்மதம் சொன்னதும் மலையில் வேட்டு போடுவது எங்கள் வழக்கம். பள்ளத்தாக்கு முழுதும் கேட்கும். விடுதிக்காரி ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் நிமிர்ந்தார். தொப்பியை எடுத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஆறிவிடும் முன் கடைசிச் சக்கரத்துக்குப் போனார்.

மாலையில் வாத்தியக்காரர்களின் வண்டி மேலே போனது. அதில் ஏறி வந்தார், மடியில் ஒருவருடைய எக்காளப் பெட்டியோடு. கூடத்தில் சூப்பும் கறியும் முடிந்து, நடனம் தொடங்கியிருந்தது. பெண்ணின் அப்பா உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரோ மேலங்கிகளைப் போட்டிருந்தார்கள். அவற்றை எடுத்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்து, தாமதத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார். பலகை, லாரி, பனி தள்ளும் வண்டி, செட்லர் சரியாகச் சொல்லாதது. பக்கத்து மேஜையில் இருந்த செட்லர் பீரைக் கீழே வைத்தான்.

"ஒரு தடவை சொன்னேன்டா" என்றான். ஏற்கெனவே சொன்னபடி, அவன் எதையும் இரண்டாம் தடவை சொல்பவன் அல்ல. பீரை எடுத்துக்கொண்டான்.

ஆஃப்ரா சம்பந்தியோடு ஆடிக்கொண்டிருந்தாள். வெண்டலின் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

ரோஸ்வித்தா வந்தாள். ஒரு தட்டில் கறியும் உருளைக்கிழங்கு உருண்டையும் வைத்து எடுத்து வந்திருந்தாள். அவர் முன்னால் வைத்தாள். முள்கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நோயாளிகளுக்குச் செய்து பழகிய கை.

"சக்கரம் எப்படிப்பா இருக்கு?"

வெண்டலின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

"ஒரு கீறல் இல்லம்மா" என்றார்.